பிரேக் லைட்டைப் பார்த்துவிட்டு க்ரூஸ் கன்ட்ரோலைத் திட்டுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படிப்பது பி.காம். காருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் சீட் இருக்கிறது என்று சொல்லும் ஜாதி. இருந்தாலும் போன மாதம் மாமா வண்டியில் நடந்த கூத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

மாமாவுக்கு மரக்காணத்தில் உப்பு வியாபாரம். வாரத்துக்கு இரண்டு தடவை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போய் வருவார். திரும்பும்போது பெரும்பாலும் ராத்திரி ஆகிவிடும். அவருக்கு வலது முட்டியில் வலி. அதனால் ரோடு காலியாக இருக்கும் இடங்களில் க்ரூஸ் கன்ட்ரோல் போட்டு காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்பார். ஒரு நாள் பட்டனை எத்தனை தடவை அமுக்கியும் அது செட் ஆகவில்லை.

ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டினார். ஸ்டியரிங் சுவிட்ச் செட்டை மாற்றணும், அப்படியும் சரியாகவில்லை என்றால் கன்ட்ரோல் யூனிட்டையும் மாற்றணும், மொத்தம் 22,000 ரூபாய் ஆகும் என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். "அது இல்லாமலா இத்தனை வருஷம் வண்டி ஓட்டினோம்" என்று மாமா திரும்பி வந்துவிட்டார். அதன் பிறகு இரண்டு வாரம் அப்படியே ஓடியது.

அப்புறம் ஊரிலேயே இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் நான்தான் வண்டியை எடுத்துப் போனேன். அவர் எந்தப் பட்டனையும் தொடவில்லை. "தம்பி, பிரேக்கை மிதி" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றார். மிதித்தேன். "மிதிப்பா!" என்றார். "மிதிச்சுட்டுத்தாண்ணே இருக்கேன்!" என்றேன். பின்னால் ஒரு லைட்டும் எரியவில்லை.

அதாவது இரண்டு வாரமாக பிரேக் லைட்டே இல்லாமல் மாமா ராத்திரியில் ஓட்டி வந்திருக்கிறார், பின்னாலேயே உப்பு லாரிகளும் பஸ்களும் வரும் அந்த ரோட்டில். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

விஷயம் இதுதான். பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. பல கார்களில் அதற்குள் இரண்டு இணைப்புகள். ஒன்று பின்னால் லைட்டை எரிய வைக்கும். இன்னொன்று "பிரேக் மிதித்துவிட்டார்" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இரண்டும் முரணாகப் பேசினால் கம்ப்யூட்டர் எதையும் நம்பாது. பிரேக் மிதித்ததும் விட்டுவிட வேண்டும் என்பதுதான் க்ரூஸ் கன்ட்ரோலின் முதல் விதி. அந்த பிரேக் தகவலே சந்தேகம் என்றால் அது வேலைக்கே வராது. வரவும் கூடாது. அதனால் மாமா வண்டியில் க்ரூஸ் கன்ட்ரோல் கெட்டுப் போகவில்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. நாம்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

அண்ணன் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். பி0571 என்று காட்டியது. பிரேக் சுவிட்ச் சர்க்யூட் கோளாறுக்கான கோட் அது. சுவிட்சின் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்துக் கிடக்கிறது. உப்பளத்து ஓரத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்துவது மாமாவின் பழக்கம். சோறு போடுகிற உப்பே சுவிட்சைத் தின்றிருக்கிறது. கனெக்டரைச் சுத்தம் செய்து புது சுவிட்ச் போட்டதில் செலவு 600 ரூபாய்க்குள் முடிந்தது.

சின்ன சுவிட்ச்தானே என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி க்ரூஸ் கன்ட்ரோலைத் துண்டிக்கும் ஒரு சுவிட்சுக்காக 1999 முதல் 2009 வரை பல தவணைகளில் சுமார் 1.4 கோடி வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பிரேக் ஆயில் அந்த சுவிட்சுக்குள் கசிந்து, அரித்து, நிறுத்தி வைத்த வண்டிகூடத் தீப்பிடித்தது.

அண்ணன் சொன்ன வரிசையை அப்படியே தருகிறேன். முதலில் பிரேக் லைட், அதன் ஃப்யூஸ். அடுத்து பிரேக் சுவிட்ச். கியர் வண்டி என்றால் கிளட்ச் சுவிட்சும். மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் சக்கரத்தின் ஸ்பீடு சென்சார். ஹாரனும் சேர்ந்து போயிருந்தால் ஸ்டியரிங்குக்குள் இருக்கும் சுருள் ஒயர். இதெல்லாம் முடிந்த பிறகுதான் விலை உயர்ந்த யூனிட். ஒருவேளை க்ரூஸ் விடாமல் இழுத்துக்கொண்டே போனால் பிரேக்கை அழுத்தமாக மிதியுங்கள், நியூட்ரலுக்கு மாற்றுங்கள். ஓடும்போது சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் லாக் ஆகிவிடும்.

இப்போது என் சப்ஜெக்டுக்கு வருகிறேன். அண்ணன் பார்த்துச் சொன்னதற்கு 150 ரூபாய் தனியாகக் கேட்டார். மாமா முகம் மாறிவிட்டது. "பார்த்ததுக்கெல்லாம் காசா?" டாக்டர் நாடி பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாலும் பீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக்குக்கு மட்டும் பொருள் மாற்றினால்தான் காசு. அப்படியென்றால் அவர் என்ன செய்வார்? பொருளை மாற்றத்தான் செய்வார். 22,000 ரூபாய் எஸ்டிமேட்டுக்குப் பேராசை மட்டும் காரணம் இல்லை. கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு நாம் வைத்த விலை பூஜ்யம், அதுவும்தான் காரணம். கண்டுபிடிக்கிறவருக்குக் காசு கொடுத்துப் பாருங்கள், மொத்த பில் தானாகக் குறையும்.

கடைசியில் அந்த 150 ரூபாயை நான்தான் கொடுத்தேன். மாமா இன்னும் திருப்பித் தரவில்லை. வாராக் கடன் கணக்கில் எழுதிவிட்டேன் :-)

இன்றைக்கு ராத்திரி உங்கள் வண்டியைச் சுவருக்குப் பின்பக்கம் காட்டி நிறுத்தி ஒரு தடவை பிரேக்கை மிதியுங்கள். சுவரில் சிவப்பு விழுகிறதா பாருங்கள். க்ரூஸ் கன்ட்ரோல் இல்லாத வண்டி என்றாலும் சரி, பைக் என்றாலும் சரி.