கூழ் வண்டிக்கு ஒரு குழாய்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் வட சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகிறவர் மட்டுமா, ஐஸ் உடைக்கிறவர், கூடை சுமக்கிறவர், ஏலத்தில் எடுத்துத் தெருத் தெருவாக விற்கிற பெண்கள் என்று அந்தத் துறைமுகத்தை நம்பிய எல்லோருக்கும் கை இறுகும். வெயில் உச்சிக்கு ஏறுவதும் இதே இரண்டு மாதத்தில்தான். பக்கத்தில் ராயபுரம் கல்மண்டபத்தைச் சுற்றித் தள்ளுவண்டிகளிலும் மீன்பாடி வண்டிகளிலும் கூழ்ப் பானைகள் பெருகுவதும் இதே நாட்களில்தான்.

சென்னைத் துறைமுக வாசலில் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரி ஓட்டுநர், மூட்டை தூக்குகிறவர், கட்டட வேலைக்குப் போகும் பெண்கள், ஆட்டோக்காரர் எல்லோரும் அந்தப் பானையைச் சுற்றி நிற்கிறார்கள். ஒரு சொம்பு கூழ், கடித்துக்கொள்ள மோர் மிளகாய், உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்த் துண்டு, கொஞ்சம் கருவாடு. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி வெயிலில் இறங்கிவிடுவார்கள். பலருக்கு மதியச் சாப்பாடே அதுதான்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலுக்குப் பலியானவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவு, வரவேற்க வேண்டியது. ஆனால் அந்தச் சாவு நேராமல் தடுக்கிற வேலையைத் தெருவில் ஏற்கெனவே ஒருவர் செய்துகொண்டிருக்கிறார். கூழ் வண்டிக்காரரைக் கோடைக்காலத் திட்டத்துக்குள் கொண்டுவந்து, அவருக்கு முதலில் நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும்.

சென்னையின் வெயிலை வெறும் டிகிரியை வைத்து அளந்துவிட முடியாது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அது உலர்ந்த தரைக்காற்று அடித்த நாள். ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளின் வழக்கமான துன்பம் வேறு. 37 டிகிரியே இருந்தாலும் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலராது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். உலராதபோது உடம்பு இன்னும் இன்னும் வியர்த்து, தண்ணீரையும் உப்பையும் சேர்த்தே இழக்கிறது. வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தாலும் போன உப்பு திரும்பாது. உப்புப் போட்ட மோர், அதில் கரைத்த கூழ், தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய மிளகாய் என்று வைத்த முன்னோர் எந்த ஆய்வகத்திலும் இதைக் கற்கவில்லை. வயலிலும் கடலிலும் நின்று கற்றார்கள்.

கூழ் காய்ச்சுவது ஒரு நாள் வேலை இல்லை. முதல் நாள் இரவு கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். மறுநாள் நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த கரைசலை அதில் ஊற்றி, அடி பிடிக்காமல் கட்டையால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். இறக்கி ஆறவைத்து, அடுத்த நாள் காலையில் எடுத்தால் கெட்டியான களி. அதைக் கையால் பிசைந்து, கட்டி இல்லாமல் மோரில் கரைத்து, உப்பும் நறுக்கிய சின்ன வெங்காயமும் போட்டால்தான் சொம்புக்கு வரும். வண்டிக்காரர் காலை 10 மணிக்கு விற்கிற கூழுக்குப் பின்னால் இரண்டு இரவுகள் இருக்கின்றன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசி அதற்குப் பக்கத்தில்கூட வராது.

உலகம் முழுவதும் உழைக்கிறவர்கள் இப்படித்தான் வெயிலைச் சமாளித்திருக்கிறார்கள். ஸ்பெயினின் தெற்கே ஆண்டலூசியாவில் வயல் கூலிகள் காய்ந்த ரொட்டியைப் பூண்டு, எண்ணெய், வினிகரோடு இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்ததுதான் காஸ்பாச்சோ. தக்காளி அதில் பின்னால் வந்து சேர்ந்தது. இன்று அது நட்சத்திர ஓட்டல்களில் குளிர்ந்த சூப்பாகக் கிண்ணத்தில் வருகிறது, கடைகளில் அட்டைப்பெட்டியில் விற்கிறது. கூழுக்கு அந்த மினுக்கு வேண்டாம். சுத்தம் வேண்டும்.

புளித்து, பிறகு கொதித்து வெந்த களியில் பயப்பட அதிகம் ஒன்றும் இல்லை. ஆபத்து அதற்குப் பிறகுதான் நுழைகிறது: கரைக்கிற தண்ணீர், சொம்பு கழுவுகிற வாளி, மேலே போடுகிற ஐஸ். பல வண்டிகளில் காலையில் பிடித்த ஒரே வாளித் தண்ணீரில் மாலைவரை சொம்புகள் முங்கி எழுகின்றன. விற்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் கரைக்கிறார். சொம்பு கழுவவும் அதையே வாங்கினால் அன்றைய லாபம் அதிலேயே போய்விடும்.

ஐஸ் விஷயத்தில் வாடிக்கையாளர்களுக்கும் பங்கு உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஐஸைச் சேமிக்கக் கடற்கரையில் மாளிகையே கட்டிய ஊர் இது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்னும் நிற்கிறது. இன்று ஐஸ் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. ஆனால் மீனுக்குப் போடுகிற பார் ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் உத்தரவிட்டது. உடைத்துப் பானைக்குள் போட்ட வெள்ளை ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? கூழுக்கு ஐஸே தேவையில்லை. ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்த மண்பானையின் குளிர்ச்சி போதும். கடற்கரை ஈரத்தில் பானை அவ்வளவாகக் குளிராது என்பது உண்மைதான். ஆனாலும் உடம்பைக் காப்பாற்றுவது சில்லென்ற தொண்டை இல்லை, உள்ளே போகிற நீரும் உப்பும்.

தண்ணீருக்கு வழி இல்லாமலும் இல்லை. வட சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் 2010-இல் திறக்கப்பட்டது. 2013 முதல் மாநகராட்சியே நடத்தும் அம்மா உணவகங்கள் இருக்கின்றன. அங்கே குடிநீரும் சமையற்கூடமும் உண்டு. பக்கத்தில் நிற்கும் கூழ் வண்டிக்குக் காலையில் நான்கு குடம், மதியம் நான்கு குடம் பிடித்துக்கொள்ள அனுமதித்தால் மாநகராட்சிக்கு என்ன நட்டம்? உணவகம் இல்லாத இடத்தில் சாலையோரம் ஒரு குழாய் வைக்கலாம், மேலே ஒரு தகரக் கூரையும் போடலாம்.

கட்சிகள் திறக்கும் நீர்மோர்ப் பந்தல்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. தாகத்துக்கு யார் கொடுத்தாலும் புண்ணியம்தான். ஆனால் திறப்பு விழா முடிந்த சில நாட்களில் பல பந்தல்களில் பானை காய்ந்துவிடுகிறது. கூழ் வண்டி கோடை முழுக்க நிற்கிறது.

போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வண்டியை விரட்டுவது சுலபம். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அதற்கு வேறு வழி வைத்திருக்கிறது: நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் வியாபாரிகளுக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. எந்த முனையில் வண்டி நிற்கலாம், எங்கே குழாய் வரும் என்பதை ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மண்டலங்களின் வியாபாரிகளோடு உட்கார்ந்து முடிவு செய்ய அந்தக் குழு போதும். பேச்சை மாசியிலேயே தொடங்கினால், தடைக்காலம் பிறப்பதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிடும்.