ஐந்தாவது ஆள் உட்கார்ந்தால் எழுந்து நில்லுங்கள்



தீபாவளிப் பட்டாசு ஆர்டர் குவிந்துவிட்டது. விடியுமுன்னே வேன் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கிறது. இன்னும் ஒரு குரோஸ் முடித்தால் இன்னும் கொஞ்சம் கூலி. அதற்காக நாலு பேர் மட்டுமே இருக்க வேண்டிய அறையில் ஆறு பேர் உட்காருகிறோம், இடம் போதாமல் மரத்தடியிலும் வெடிமருந்தைப் பரப்புகிறோம். இந்தப் பழக்கத்தை இந்த சீசனிலேயே நிறுத்தியாக வேண்டும்.

முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்து நினைவிருக்கிறதா? 2012 செப்டம்பர் 5. கிட்டத்தட்ட 40 உயிர். அதில் பலர் பட்டாசே சுற்றாதவர்கள், காப்பாற்ற ஓடிவந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 20 பேருக்கு மேல் போனார்கள். அங்கே ஆலையின் அறைகள் பலருக்கு உள்குத்தகைக்குப் போயிருந்தன. உள்குத்தகைக்காரனுக்கு ஆலையும் சொந்தமில்லை, ஆளும் சொந்தமில்லை. சரக்கு ஒன்றுதான் கணக்கு.

நானும் ஒருநாள் ஐந்தாவது ஆளாக உட்கார்ந்தவன்தான். காலடியில் ஒரு வாளி, அதில் முதல்நாள் மிஞ்சிய மருந்து. கலந்த மருந்தை அன்றே தீர்க்க வேண்டும், மிச்சம் வைக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாளியைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் தானே சூடேறும். போர்மேனிடம் சொன்னேன். "வெயில்ல சூடாகியிருக்கும், வேலையப் பாரு" என்றார். காலை எட்டு மணிக்கு, கூரைக்குள்ளே என்ன வெயில்? பக்கத்திலிருந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பின்னாலேயே நாங்கள் நாலு பேரும் வெளியேறினோம். வேலியோரம் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் அறை எரிந்தது.

அக்கா மட்டும் எழுந்து, வாளி எரியாமல் இருந்திருந்தால் மறுநாள் அவருக்கு வேலை இருந்திருக்காது. சொன்னவரைத் தனியாக விட்டுவிடுகிறோம், தோழர்களே, நம் பெரிய குற்றம் அதுதான். ஆபத்தென்று தெரிந்தால் சொல்லும் உரிமையை, போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி எழுதி வைத்தார்கள். அந்த எழுத்துக்கு உயிர் வருவது அறையிலுள்ள அத்தனை பேரும் சேர்ந்து எழும்போதுதான்.

நைலான் சேலை வேண்டாம், பருத்தி கட்டுங்கள். உள்ளே நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொடுங்கள், உடம்பிலுள்ள மின்சாரம் மண்ணுக்குப் போகட்டும். இரும்பு வாளியைத் தரையில் இழுக்காதீர்கள். வாசலில் அட்டைப்பெட்டி அடுக்கினால் அப்போதே எடுக்கச் சொல்லுங்கள், ஓட இருப்பது அந்த வாசல்தான். எங்காவது வெடித்தால் அந்தப் பக்கம் ஓடாதீர்கள்.

கூலி குறையும் என்ற பயம் எனக்கும் உண்டு. வீட்டில் கடன் எனக்கும் உண்டு. அதனால்தான் பீஸ் ரேட்டை உயர்த்து, ஆளைத் திணிக்காதே என்று இரண்டையும் ஒரே குரலில் கேட்கிறோம்.

நாளைக் காலை அறைக்குள் போனதும் தலையை எண்ணுங்கள். நாலுக்கு மேல் ஒருவர் உட்கார்ந்தாலும் மருந்தைத் தொடாதீர்கள். எல்லோரும் எழுந்து வெளியே வாருங்கள். பக்கத்து அறைக்காரர்களே, அவர்கள் வெளியே நிற்பதைப் பார்த்தால் நீங்களும் வந்து பக்கத்தில் நில்லுங்கள்.