பாவனை என்று பழிப்பவர்களுக்கு

செய்தித்தொடர்பியல் பயிலும் மாணாக்கன் கருவியைத் தொட்டுப் பழகுவதே கல்வி, கணினியில் ஸிமுலேஷன் செய்வது வெறும் பாவனை என்னும் வாதம் பரமக்குடிப் பக்கத்திலும் ஒலிக்கிறது.

1. பாம்பனுக்கு அப்பால் அலையில் ஏறி இறங்கும் விசைப்படகை நோக்கி நேரே செல்லும் ரேடியோ அலையும், கடற்பரப்பில் பட்டுத் தெறித்துச் செல்லும் அலையும், ஒரு கணம் ஒன்றையொன்று வலுப்படுத்தி மறுகணம் அழித்துக்கொள்ளும் விசித்திரத்தை எந்த ஆய்வுக்கூட மேஜைமீது கொண்டுவந்து வைப்பார்கள்?

2. கணினியில் அதை எழுதிக் காட்டலாம் என்றால், எழுதியது சரிதானா என்று சோதிக்க வழியில்லையாம். ஏன் இல்லை? பிபிஎஸ்கே என்னும் பண்பேற்ற முறையில், பிட் ஒன்றின் சக்திக்கும் இரைச்சல் அடர்த்திக்குமுள்ள விகிதம் ஏறக்குறைய 9.6 டெசிபெல் இருந்தால், லட்சம் பிட்டுகளுக்கு ஒன்று பிழைபடும் என்று கணிதம் விதித்திருக்கிறது. தன் ஸிமுலேஷன் தந்த பிழைவீத வளைகோடு அதிலிருந்து 3 டெசிபெல் விலகி நிற்கக் கண்ட மாணாக்கன், இரைச்சலின் அளவை எங்கே இருமடங்காகவோ பாதியாகவோ கொண்டோம் என்று தேடிக் கண்டுபிடிக்கும் பிரயாசையில் பெறும் ஞானம், எந்தக் கருவியின் முள்ளும் தராதது.

3. பிறர் எழுதிய நிரலின் பொத்தானை அமுக்குபவன் ஒன்றும் கற்பதில்லை, வாஸ்தவம். ஆயத்தக் கிட்டில் கம்பியைச் சொருகி, ஆஸிலாஸ்கோப்பில் தெரிந்ததை ரெக்கார்டு நோட்டில் நகலெடுப்பவன் மட்டும் என்ன கற்றான்?