குணதோஷம் கூறும் கடமை

பெசன்ட் நகர் கடற்கரைக்கும் அடையாற்று முகத்துவாரத்துக்கும் விடியற்காலையில் காமிராவும் கையுமாகச் செல்லும் அன்பர்களின் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகிறது. பிராணிகளைச் சுட்டு வீழ்த்தும் மோகம் போய், அவற்றைப் படம் பிடிக்கும் ஆசை வளர்வது சந்தோஷப்படத்தக்க விஷயமே. 1857-ம் வருஷத்திலேயே போட்டோக் கலைக்கென்று சங்கம் கண்ட பட்டணமல்லவா இது! எனினும், இவர்களுடைய படங்களுக்குக் கிடைக்கும் அபிப்பிராயங்கள் நமக்குத் திருப்தியளிக்கவில்லை. "அற்புதம்", "அபாரம்" என்ற இரு சொற்களோடு விமர்சனம் முடிந்துவிடுகிறது.

இம்முகஸ்துதியால் படமெடுத்தவருக்கு மட்டுமே நஷ்டமென்றால் நாம் இதை எழுத வேண்டிய அவசியமில்லை. வாயற்ற ஜீவன்களுக்கும் நஷ்டம் உண்டு. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இக்கரையில் முட்டையிட வருகின்றன. 1988-ம் வருஷம் முதல் மாணவர் குழுவினர் இரவில் கரையோரம் நடந்து அம்முட்டைகளைக் காத்து வருகிறார்கள். கரையேறும் தாய் ஆமை, வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். குஞ்சுகளோ ஒளி மிகுந்த திசையே கடல் என்று நகரும் இயல்புடையவை. விளக்கடித்து எடுத்த படத்தை இன்று ஒருவர் "அபாரம்" என்பாராயின், நாளை பத்துப் பேர் விளக்குடன் வருவர். கூட்டை மறைத்த தழையை ஒடித்து எடுத்த படமும் அத்தகையதே. அக்குஞ்சுகள் வெயிலுக்கும் காக்கைக்கும் பலியாகும்.

ஆதலின், "இஃது எவ்வாறு எடுக்கப்பட்டது?" என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும். லண்டனில் 2009-ல் பெரும் பரிசு பெற்ற ஓநாய்ப் படம், பிறர் ஐயம் எழுப்பிய பின், பழக்கிய ஓநாயாக இருக்கலாமென்று நடுவர்கள் கருதியதால் 2010-ல் தள்ளப்பட்டது. அதே போட்டியில் 2017-ல் பரிசு பெற்ற எறும்புத்தின்னிப் படமொன்று, அது பாடஞ்செய்த உருவமென்ற முடிவால் 2018-ல் தள்ளப்பட்டது. குறுக்கு விசாரணையின்றி உண்மை வெளிப்படாதென்பது கோர்ட்டுக்கு மட்டுமுரிய விதியன்று.

கடுமையாகப் பேசினால் புதியவர் மனமுடைந்து போவார் என்பர் சிலர். கடுமை வேறு, தெளிவு வேறு. "படம் நன்றாக இல்லை" என்பது கடுமை. "பறவையின் கண் மங்கியிருக்கிறது, அடிவானம் சாய்ந்திருக்கிறது, இன்னும் தாழ்ந்து எடுத்திருக்கலாம்" என்பது தெளிவு. முன்னதால் எவரும் கற்றதில்லை; பின்னதால் எவரும் கெட்டதில்லை.

கேட்பவருக்கும் கடமையுண்டு. "சேற்றில் நான்கு மணி நேரம் கிடந்தேன்" என்பது உழைப்புக்குச் சாட்சியேயன்றிப் படத்துக்குச் சாட்சியாகாது. மயிலாப்பூரில் வாழ்ந்து 1996-ல் காலமான மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே கீர்த்தி பெற்றார். வர்ணமில்லாத அப்படங்களுக்கு மதிப்பு வந்தது, மிருகங்களின் வாழ்க்கையை நன்கறிந்தவர் எடுத்தவை என்பதனாலன்றோ? அவ்வறிவு புகழ்மொழியால் வருவதன்று. பொறுமையாகப் பார்ப்பதாலும், பிறர் கூறும் குற்றத்தைக் காது கொடுத்துக் கேட்பதாலுமே வரும்.

அடுத்த படம் கைக்கு வரும்போது, நம் நேயர்கள் "அபாரம்" என்ற சொல்லைச் சற்றே ஒத்திவைத்து, ஒரு கேள்வி கேட்பார்களாக.