ஒரு சோறு போதாத பானை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, மாதிரி எடுத்தல் குறித்துத் தமிழில் வழங்கும் மிகச் சுருக்கமான கோட்பாடு. வெந்த சோற்றுக்கு அது முற்றிலும் பொருந்தும். நொதிக்கும் பானைக்குப் பொருந்தாது. அங்கே ஒரு மாதிரி தனித்து நின்று பெரிதாக எதையும் சொல்வதில்லை. இரண்டு மாதிரிகளுக்கு இடையிலான வேறுபாடே சொல்கிறது. கள்ளை அளக்க முற்படும் சட்டமும் ஆய்வும் இவ்வெளிய உண்மைக்கு உரிய இடம் தரவேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

வீட்டில் பியர் காய்ச்சுவதற்குச் சட்டம் இடந்தரும் நாடுகளில், அதைச் செய்வோர் கையாளும் முறையிலிருந்து தொடங்கலாம். முளைகட்டிய வாற்கோதுமையின் இனிப்புச் சாற்றில் ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன் அதன் ஒப்படர்த்தி அளக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் இதைக் குறிக்கும் சொல்லைச் சிலர் ‘ஈர்ப்பு’ என மொழிபெயர்ப்பது பிழை. நீரோடு ஒப்பிட்ட அடர்த்தியே இங்கு பொருள். தொடக்க அளவு 1.050 எனவும் இறுதி அளவு 1.010 எனவும் கொண்டால், இடைப்பட்ட வேறுபாடு 0.040. அதை 131.25 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5.25 விழுக்காடு ஆல்ககால் என்ற விடை கிடைக்கும். தொடக்க அளவைக் குறிக்கத் தவறியவருக்கு 1.010 என்ற எண்ணால் பயன் குறைவு. அது வலிய சாறு நெடிது நொதித்த முடிவாகவும் இருக்கலாம். நீர்த்த சாறு சற்றே நொதித்த நிலையாகவும் இருக்கலாம்.

மாதிரி எடுப்பதற்கும் ஒழுங்கு உண்டு. கருவி, குழாய், கை அனைத்தும் தூய்மையாக இருத்தல் வேண்டும். எடுத்த மாதிரியில் கரிவளிக் குமிழிகள் இருப்பின் அவை திரவமானியில் ஒட்டி அதை மேலே தூக்கும். உண்மையினும் மிகுந்த அடர்த்தி தோன்றும். எனவே தேநீரை ஆற்றுவது போல இரு குவளைகளுக்கிடையே மாற்றி ஊற்றிக் குமிழிகளைப் போக்க வேண்டும். வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். 20 பாகைக்கு அளவிட்ட கருவி 30 பாகையில் குறைத்துக் காட்டும். அளந்த மாதிரியை மீண்டும் கலத்தில் ஊற்றுவது தொற்றுக்கு வழிவகுக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பர். ஒரு முறைக்கு 150 மில்லிலிட்டர் எனில், பத்து முறை பார்த்தால் ஒன்றரை லிட்டர் போய்விடும். அறிவதற்கும் ஒரு விலை உண்டு. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரு மாதிரிகள் ஒரே எண்ணைக் காட்டிய பின்னரே புட்டியில் அடைப்பர். அவசரப்பட்டால் புட்டி வெடிக்கும்.

இம்முறையைக் குப்பத்தைச் சூழ்ந்த முந்நாட்டு எல்லைப் பகுதிக்குக் கொண்டுவந்தால் சிக்கல் புலப்படும். ஈச்சங்கள்ளுக்கும் பனங்கள்ளுக்கும் தொடக்க அளவு என ஒன்று இல்லை. முந்தைய நாளின் ஈஸ்ட் கலயத்தின் உட்சுவரிலேயே தங்கியிருக்கும். பாளையிலிருந்து சொட்டும்போதே நொதித்தல் தொடங்கிவிடும். மாலையில் விழுந்த துளி பாதி கள்ளாகியிருக்கும். விடியலில் விழுந்த துளி இன்னும் இனிப்பு நீர். ஒரே கலயத்தில் பல வயதுடைய துளிகள் கலந்துள்ளன; அங்கு எடுக்கும் மாதிரி அவற்றின் சராசரியே. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் மட்டும் கார்த்தன்மையால் நொதித்தல் தடைப்பட, பதநீர் கிடைக்கிறது. அச்சொல்லின் முன்னுறுப்பும் ‘பதம்’ என்பது கருதத்தக்கது.

பியரும் கள்ளும் வரிக்கு உட்பட்ட வரலாறும் இவ்வேறுபாட்டையே காட்டுகிறது. 1784இல் ஜான் ரிச்சர்ட்சன் சாற்றின் செறிவை அளக்கும் கருவி பற்றிய நூலை வெளியிட்டார். 1880இல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம் பிரித்தானியப் பியருக்குத் தொடக்க அடர்த்தியையே வரியின் அடிப்படையாக்கியது. சென்னை மாகாணத்திலோ 1886ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டம் வந்த காலத்தில், கள்ளுக்கு மரத்தைக் கணக்கிட்டு மரவரி விதிக்கும் முறை பரவியது. பியருக்கு எண், கள்ளுக்கு மரம். நொடிதோறும் மாறும் ஒன்றை எண்ணில் நிறுத்த முடியாதபோது, அசையாது நிற்கும் மரத்தை எண்ணியது நடைமுறை அறிவே.

இன்று நிலை வேறு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை; ஆந்திரத்தில் உரிமத்தோடு இறக்கலாம்; கேரள விதிகள் தென்னங்கள்ளுக்கு 8.1 விழுக்காடு ஆல்ககால் என உச்சவரம்பு வகுத்தன. தென்னஞ்சாற்றில் சர்க்கரை 15 விழுக்காட்டை ஒட்டியும் அமைவதுண்டு. அது முழுதும் நொதித்தால், எவர் எதையும் கலக்காமலேயே அவ்வரம்பைத் தாண்டக்கூடும். நொதித்தலை நிறுத்தாமல் மாதிரியைப் புட்டியில் அடைத்து அனுப்பினால், வழியிலும் அது நொதித்துக்கொண்டே செல்லும். ஆய்வகம் காணும் எண் கடையில் விற்ற கள்ளின் எண் அன்று; புட்டி திறக்கப்பட்ட நாளின் எண். அவ்வெண்ணைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்குவது, நேற்றைய செயலுக்கு இன்றைய சாட்சியைக் கேட்பதற்கு ஒப்பாகும்.

எண் தவறவிடும் காலத்தை மொழி பிடித்து வைத்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் களியை ஆற்றி, முளையடை கலந்து, சாடியில் இரு பகலும் இரு இரவும் வைத்துக் கள் ஆக்கும் முறையைக் கூறுகிறது. அங்கு கூறப்படும் அளவு முழுவதும் காலமே. ‘தேறல்’ என்பது தேறித் தெளிந்த நிலையின் பெயர். தமிழில் கள், தெலுங்கில் கல்லு, கன்னடத்தில் கள்ளு. ‘புளி’ என்னும் வேரோ மூன்றிலும் சுவையையும் மாற்றத்தையும் ஒருங்கே உணர்த்தி நிற்கிறது. 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் அமைந்த ஊரிலேயே, மரமேறுவோரின் வழக்கிலுள்ள இத்தகைய நிலைப்பெயர்களை மும்மொழியிலும் தொகுப்பது இயல்பாக அமையும் பணி.

ஆகவே கள்ளின் மாதிரியை எடுக்கும் எவரும், ஆய்வாளராயினும் அலுவலராயினும், நான்கு செய்திகளைச் சேர்த்தே பதிய வேண்டும்: அடர்த்தி, வெப்பநிலை, கலயம் கட்டியதிலிருந்தும் இறக்கியதிலிருந்தும் கழிந்த நேரம், இறக்கியவர் அந்நிலைக்கு இட்டு வழங்கும் சொல். பின்னர் அதே கள்ளில் மீண்டும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். முதல் மூன்றும் கருவியாலும் கடிகாரத்தாலும் கிடைப்பன. நான்காவதற்கு மரத்தடியில் காத்திருந்து கேட்க வேண்டும்.