முதலில் முகவரி, மற்ற வேலைகள் பிறகு!

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் நெட்வொர்க்கிலிருந்து அதற்கு ஓர் ஐ.பி. முகவரி கிடைக்க வேண்டும். கிடைத்தால்தான் இன்டர்நெட். இந்த முகவரியைத் தருவது டிஹெச்சிபி சர்வர். வீட்டில் இந்த வேலையை ரௌட்டரே பார்த்துக்கொள்ளும். விடுதி, அலுவலகம், பெரிய குடியிருப்பு போன்ற இடங்களில் தனி சர்வர் வைத்திருப்பார்கள். வம்பு அங்கேதான்.

ஒவ்வொரு முறை முகவரி கொடுக்கும்போதும் தானாக ஓடும்படி ஒரு ஸ்கிரிப்ட்டை, அதாவது சிறு புரோகிராமை, நிர்வாகி அந்த சர்வரில் எழுதி வைக்கலாம். யார் எப்போது வந்தார் என்று டேட்டாபேஸில் பதிவது, மெயில் அனுப்புவது என ஆளுக்கொரு ஆசை. ஆசை தப்பில்லை. ஆனால் நீண்ட காலம் பரவலாகப் பயன்பட்ட ஐ.எஸ்.சி. டிஹெச்சிபி சர்வர், அந்த ஸ்கிரிப்ட் முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அடுத்தவருக்குப் பதில் சொல்லாது. ரேஷன் கடையில் பில் போடுபவர் ஒவ்வொரு கார்டுக்கும் தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தால் வரிசை நகருமா?

ஸ்கிரிப்ட் 3 விநாடி எடுக்கிறது என்று வையுங்கள். கரண்ட் போய் வந்ததும் 40 கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் முகவரி கேட்கின்றன. கடைசி ஆளுக்கு 2 நிமிடம் ஆகும். அதுவரை அந்தக் கம்ப்யூட்டர் சும்மா இருக்குமா? 1997-ல் வெளியான டிஹெச்சிபி விதிமுறைப்படி, பதில் வராவிட்டால் சுமார் 4, 8, 16 விநாடிகள் என இடைவெளி விட்டு மறுபடி மறுபடி கேட்கும். அந்தக் கேள்விகளும் வரிசையில் சேர்ந்துகொள்ளும். கடைசியில் விண்டோஸ் சலித்துப்போய் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். அதை வைத்து இன்டர்நெட் போக முடியாது.

எனக்குக் கோபம் வருவது இதற்குப் பிறகுதான். "உங்க லேன் கார்டு போச்சு, இல்லேன்னா விண்டோஸை மறுபடி போடுங்க" என்று ஒரு விடுதியில் மாணவரிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். தாமதம் சர்வரில், செலவு மாணவருக்கு!

இதற்குத் தீர்வு சுலபமானது. ஸ்கிரிப்ட் ஒரு ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டு உடனே வெளியேற வேண்டும். டேட்டாபேஸ், மெயில் எல்லாவற்றையும் வேறொரு புரோகிராம் அந்த ஃபைலைப் படித்து நிதானமாகச் செய்யட்டும். யாருக்கு அனுமதி என்ற பட்டியலையும் முன்கூட்டியே சர்வரிலேயே வைத்துவிடலாம். பழைய ஐ.எஸ்.சி. சர்வரின் பராமரிப்பு 2022-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதே நிறுவனத்தின் கியா, ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டு அது முடியக் காத்திராமல் தன் வேலையைத் தொடரும். பல ரௌட்டர்களில் உள்ள டிஎன்எஸ்மாஸ்க்கும் ஸ்கிரிப்ட்டைத் தனியாகத்தான் ஓட்டுகிறது. அப்படியிருந்தும் பழையதையே கட்டி அழுவானேன்?

நீங்கள் செய்யக்கூடியது இது. இன்டர்நெட் வராதபோது கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் என்று டைப் செய்யுங்கள். 169.254 தெரிந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள். கேபிள் சரியாக இருந்து, பக்கத்து அறைகளிலும் அதே நேரத்தில் இதே கதை என்றால், நேரத்தைக் குறித்துக்கொண்டு நிர்வாகியிடம் போய், "முகவரி கொடுக்கும்போது சர்வரில் ஏதாவது ஸ்கிரிப்ட் ஓடுகிறதா? எத்தனை விநாடி எடுக்கிறது?" என்று கேளுங்கள். புது லேன் கார்டு வாங்குவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.