ஃபோர்மட் அடிப்பது திருத்தம் அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. லப்டொப் வைத்திருக்கிற எல்லாரும், விசேஷமாக ஆசிரியர்மார், பொறுமையாக வாசியுங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறோம், அதை மறைக்கவில்லை.

உடுவிலில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு லப்டொப். வினாத்தாள் அடிப்பது, புள்ளிகள் பதிவது, பிள்ளைகளின் சூம் வகுப்பு எல்லாம் அதில்தான். தவணைப் பரீட்சைக்கு முதல் கிழமை, ஓன் பண்ணும்போதே நீலத்திரை காட்டி விழத் தொடங்கியது. தானாக மறுபடி தொடங்கும், மறுபடி விழும். நாலாம் தரம் ஒன்றும் நடவாதது போல ஓடும். அடுத்த நாள் காலையில் பழையபடி.

கடைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த தம்பி ஒரே ஒரு தரம் ஓன் பண்ணிப் பார்த்தார். "விண்டோஸ் பழுதாப் போச்சு ரீச்சர். ஃபோர்மட் அடிச்சாச் சரி. பின்னேரம் வந்து எடுங்கோ." பின்னேரம் போனோம். பளிச்சென்று ஓடியது. உள்ளே ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, "நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே ரீச்சர்" என்றார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

போனவற்றில் வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் இருந்தன. அவற்றைத் திரும்ப எழுதலாம். திரும்ப எழுத முடியாத ஒன்றும் இருந்தது. எங்கள் மூத்தவாப்பா சோனகதெருவில் பிறந்து வளர்ந்தவர். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் புலிகள் வெளியேறச் சொன்னபோது, ஒரு பையோடு நடந்தவர்களில் அவரும் ஒருவர். புத்தளத்தில் தன் கடைசிக் காலத்தில், தெருவில் எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு, யாருக்கு யார் என்ன முறை என்று அவர் சொல்லச் சொல்லப் பதிந்து வைத்திருந்தோம். அவர் இப்போது இல்லை. அந்தக் குரலும் இல்லை. உள்ளே இருந்தது எஸ்.எஸ்.டி. பழைய சுழலும் ஹாட் டிஸ்க்கில் மேலோட்டமாக ஃபோர்மட் அடித்திருந்தால் பெரும்பாலும் மீட்கலாம். எஸ்.எஸ்.டி. அழித்த இடத்தைத் தானே துடைத்துவிடும்.

இரண்டு கிழமை கழித்து அதே நீலத்திரை வந்தது. இம்முறை விஷயம் தெரிந்த ஒரு சொந்தக்காரர் பார்த்தார். லப்டொப்பில் இருந்த இரண்டு ராம் துண்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டினார், விழவில்லை. கழற்றியதை மட்டும் போட்டு மெமரி சோதனை ஓட்டினார், பிழை காட்டியது. பழுது ராமில். விண்டோஸில் ஒரு பழுதும் இருக்கவில்லை. அழித்ததெல்லாம் சும்மா அழித்தது.

எங்கள் கோபம் ஒரு தம்பி மீது அல்ல, ஒரு பழக்கத்தின் மீது. எந்த வருத்தத்துக்கும் ஒரே மருந்து என்ற பழக்கம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதற்குத் திருத்தம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குக் குறையறி சோதனை பற்றிப் படிப்பித்தார்கள். பிள்ளை கழித்தல் கணக்கைப் பிழையாகச் செய்தால், பிழை எங்கே என்று முதலில் தேடு. கடன் வாங்குவதிலா, இடப்பெறுமானத்திலா, வாசிப்பதிலா? அதைக் கண்டபிறகு படிப்பி. கழித்தல் தெரியாத பிள்ளையைத் திரும்ப முதலாம் வகுப்பில் கொண்டுபோய் இருத்துகிற ஆசிரியரை யாராவது ஆசிரியர் என்பார்களா?

நீலத்திரையும் ஒரு விடைத்தாள்தான். அதில் ஒரு நிறுத்தக் குறியீடு எழுதியிருக்கும். 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்' என்றால் விண்டோஸ் தான் இருக்கிற டிஸ்க்கை அணுக முடியாமல் நிற்கிறது. 'மெமரி மனேஜ்மன்ட்' என்றால் ராமைச் சோதிக்க வேண்டும். சில நேரம் கீழே ஒரு டிரைவரின் பெயரும் இருக்கும். எங்களுடையது ஒவ்வொரு முறையும் வேறு வேறு குறியீடு காட்டியது. ராம் பழுதுக்கு அதுவே ஒரு பெரிய அடையாளம். வாசிக்க ஆளில்லை.

உலகத்தில் நடந்த ஆகப்பெரிய தொடக்க விழுகையை நினைத்துப் பாருங்கள். 2024 யூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு பிழையான அப்டேட்டை அனுப்பியது. எங்கள் நேரம் காலை 9.39க்குப் போனது, 78 நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் விழுந்தன என்று மைக்ரோசொஃப்ட் கணக்குச் சொன்னது. விமானங்கள் நின்றன. இந்தியாவில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அவையும் எங்கள் லப்டொப் போலத்தான்: தொடங்கும், நீலத்திரை, மறுபடி தொடங்கும்.

அதற்கு என்ன செய்தார்கள்? சேஃப் மோடில் திறந்து, அந்த அப்டேட் கொண்டுவந்த 291 என்ற இலக்கமுள்ள ஒரு ஃபைலை அழித்தார்கள். ஒரே ஒரு ஃபைல். எங்கள் கடைகளிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தால் 85 லட்சத்தையும் ஃபோர்மட் அடித்திருப்பார்கள்.

கடைக்காரர் பக்க நியாயமும் இருக்கிறது. இரண்டு மணித்தியாலம் இருந்து பழுதைத் தேடினால் அதற்குக் காசு தர எங்களுக்கு மனம் வராது. "பார்த்ததுக்கும் காசோ?" என்று கேட்கிறோம். "இண்டைக்கே வேணும்" என்று நெருக்குகிறோம். ஃபோர்மட் அடித்தால் உடனே ஓடுகிறது, நாங்களும் சந்தோஷமாகக் காசு கொடுக்கிறோம். விண்டோஸ் ஃபைல் உண்மையிலேயே கெட்டிருந்தால் கடைசியில் ஃபோர்மட் தேவைப்படவும் கூடும். கடைசியில்.

பிரதி எடுத்து வைக்காதது எங்கள் பிழை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஈழத்து நூல்களைப் பிரதியெடுத்து இணையத்தில் சேர்க்கும் நூலகம் திட்டம் 2005இலிருந்து ஏன் இயங்குகிறது என்று வகுப்பில் விளக்குகிறவர்களும் நாங்களே. ஆனால் மூத்தவாப்பாவின் குரலை ஒரு பென் டிரைவில் போட்டு அலுமாரிக்குள் வைக்க எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. இதில் எங்களுக்கு எந்தச் சாட்டும் இல்லை.

இனி உங்களுக்கு வந்தால் இப்படிச் செய்யுங்கள்.

நீலத்திரையை ஃபோனில் படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் எடுங்கள்.

தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். இரண்டு மூன்று தரம் செய்தால் விண்டோஸ் தானாகத் திருத்தும் திரைக்குப் போகும். அங்கே சேஃப் மோட் உண்டு. கடைசி அப்டேட்டை நீக்கும் வழியும், குறியீட்டை வாசிக்கவிடாமல் மறுபடி தொடங்குவதை நிறுத்தும் வழியும் அங்கேயே உண்டு. சேஃப் மோடில் ஒழுங்காக ஓடினால் புதிதாகப் போட்ட டிரைவர், புரோகிராம், அன்டிவைரஸ் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். அதிலும் விழுந்தால் ராம், டிஸ்க் பக்கம் பாருங்கள்.

விண்டோஸ் திறக்கவே மாட்டேன் என்றாலும் ஃபைல்கள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. உபுண்டு போட்ட ஒரு பென் டிரைவால் லப்டொப்பைத் தொடக்கி, ஃபைல்களை வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கலாம். புது லப்டொப் என்றால் பிட்லொக்கர் பூட்டு இருக்கக்கூடும். அதற்கான 48 இலக்கச் சாவியை இன்றைக்கே உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் பார்த்து எழுதி வையுங்கள்.

கடையில் கொடுக்கும்போது வாயால் சொல்லாதீர்கள். "எங்களைக் கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது" என்று ஒரு தாளில் எழுதி, லப்டொப்பில் ஒட்டிக் கொடுங்கள். பழுதைக் கண்டுபிடிக்கத் தனிக் காசு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். அதுதான் உண்மையான வேலை.

கடை வைத்திருக்கும் தம்பிமாருக்கும் ஒன்று. ஒருவர் தன் பொருளை உங்கள் கையில் தந்துவிட்டுப் போகிறார் என்றால் அது அமானிதம். எங்கள் மார்க்கம் அதைச் சொல்கிறது, எந்த மார்க்கமும் இல்லாதவருக்கும் இது விளங்கும். லப்டொப் மட்டும் அல்ல, அதற்குள் இருப்பதும் அமானிதம். அழிப்பதற்கு முதல் மூன்று கேள்வி கேளுங்கள்: உள்ளே என்ன இருக்கிறது? பிரதி இருக்கிறதா? அழிக்கலாமா? ஒரு நிமிடம் போதும்.

எங்களிடம் அந்த ஒரு நிமிடம் யாரும் கேட்கவில்லை. சோனகதெருவில் எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு இருந்தது என்று எங்கள் பிள்ளைகள் கேட்டால், இனி எங்களுக்கு ஞாபகம் இருக்கிற அளவுதான் சொல்வோம்.